காந்தளும் விரல்களும்

பெண்ணின் விரலுக்குக் காந்தளை உவமை சொல்வது சங்கக் கவிதையின் வழக்கம். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியரும் பறித்துக் குவிக்கும் 99 பூக்களின் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், நாச்சியார் திருமொழியின் பத்தாம் திருமொழியில் கோடல் பூக்களையும் தோன்றிப் பூக்களையும் விளித்து முறையிடுகிறாள். இவ்விரண்டையும் காந்தள் வகைகளாகவே கொள்வது உரை மரபு.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மாணவிகளிடம் காந்தள் என்றால் விழிப்பார்கள். கண்வலிக்கிழங்கு என்றால் வேலியோரக் கொடி உடனே நினைவுக்கு வந்துவிடும். கலப்பை போல் வளைந்த கிழங்கு என்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். செடி முழுவதும் நஞ்சு.

அந்த நஞ்சு கால்ச்சிசின். கவுட் எனும் மூட்டு நோய்க்கு மருந்து. செல் பிரியும்போது குரோமோசோம்களை இரட்டிப்பாக்க அது உதவும் என்று 1937இல் தெரியவந்தது. தலச்சேரியில் 1897இல் பிறந்து, கோயம்புத்தூரில் கரும்பு ஆய்வு செய்த ஜானகி அம்மாள், இங்கிலாந்தின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா நாற்றுகளில் இதே கால்ச்சிசினைப் பயன்படுத்தினார். அவர் பெயரில் ஒரு மக்னோலியா வகையே இருக்கிறது. கடைசிக் காலத்தில் சென்னை மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் மருத்துவத் தாவரங்களை வளர்த்தார், 1984இல் மறைந்தார். பெண் விஞ்ஞானி என்றதும் நாம் சொல்லும் பெயர் அவருடையது, சொல்லவும் வேண்டும்.

ஆனால் கால்ச்சிசினுக்கு விதை வேண்டும். தாராபுரம், மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் விதைக்காகவே கண்வலிக்கிழங்கு பயிராகிறது. இந்தப் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன் சூல்முடியில் படுவது அரிது. காட்டில் வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் அந்த வேலையைப் பார்க்கின்றன. தோட்டத்தில் அது போதாது. காலையில் பெண்கள் பூப்பூவாகப் போய், மகரந்தத்தை எடுத்துச் சூல்முடியில் தொட்டு வைக்கிறார்கள். தொடாத பூ பெரும்பாலும் காயாகாது.

எந்தப் பூ இன்று பக்குவம், மகரந்தம் எப்போது உலரும் என்பது கண்ணும் கையும் சேர்ந்து கற்கும் அறிவு. அதற்குப் பெயர் கூலி வேலை. 2001ஆம் ஆண்டின் தாவர வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம், தானே பயிரிடுபவரையும் உழவர் என்கிறது. வேறொருவரைக் கொண்டு பயிர்செய்வித்து நேரடியாக மேற்பார்வை செய்பவரையும் உழவர் என்கிறது. அந்த ‘வேறொருவர்’ யார், அவருக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு அந்த வரையறையில் இடமில்லை. மகரந்தம் ஒட்டிய விரலோடு வரப்பில் நிற்கும் பெண் அவள்தான்.

இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்த விரலின் அழகைப் பாடம் நடத்துகிறோம். அதன் உழைப்பையும் அறிவையும் நடத்துவதற்கு ஒரு வகுப்பாவது வேண்டாமா?