திருத்தணி கற்கண்டும் ஒரு குலுக்கல் சீட்டும்

திருத்தணி மலைக்கு 365 படி, வருஷத்துக்கு நாள் எத்தனையோ அத்தனை. இன்னைக்குக் கதை அங்கதான் ஆரம்பிக்குது.

சுமார் 1800. காசியில குரு சிதம்பரநாத யோகிகிட்ட சில வருஷம் இருந்த ஒரு இளைஞர், குரு மறைந்த பிறகு சென்னைப் பக்கம் மணலிக்குத் திரும்பி, அப்புறம் திருத்தணி வர்றார். முத்துசுவாமி தீட்சிதர். ஒரு முதியவர் அவர் வாயில கற்கண்டு போட்டாராம்; வந்தது முருகனாம்; உடனே முதல் கிருதி பிறந்ததாம். மரபு சொல்ற கதை இது. அந்தக் கிருதி மாயாமாளவகௌளை ராகம். பாட்டு கிளாஸ் போனவங்களுக்குத் தெரியும், சரளி வரிசையும் அதே ராகம்தான்!

கற்கண்டை எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. எனக்கு யோகிதான் முக்கியமாப் படுறார். அப்பா ராமசுவாமி தீட்சிதரே பெரிய வித்வான். அப்படியும் மகனை இன்னொருத்தர் கூட அனுப்பி வைக்கிறார்.

பின்னாடி தீட்சிதரே குரு ஆனார். சீடர்களான தஞ்சை நால்வர் அவரைப் போற்றி 'நவரத்தின மாலை'ன்னு ஒன்பது கிருதி பாடினாங்க. குருவால என்ன நடந்துச்சுங்கறதுக்கு இது நல்ல சாட்சி. ஆனா ஒரு சிக்கல்: பாதியில விட்டுட்டுப் போன சீடர் யாரும் மாலை கட்டிப் போடறதில்லை. வரலாறு தங்கினவங்களை மட்டும்தான் எண்ணும்.

இதைச் சரி பண்ண முயன்ற இடம் வெனிசுவேலா. 1975-ல ஹோசே அந்தோனியோ அப்ரேயு தொடங்கின 'எல் சிஸ்தெமா' இசைத் திட்டம். 2012-ல 16 மையங்கள், 6 முதல் 14 வயது வரை 2,914 பிள்ளைகள். குலுக்கல் போட்டு ஒரு பகுதிக்கு உடனே இடம், மீதிப் பேருக்கு அடுத்த வருஷம். ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டா இசை செஞ்சது என்னன்னு தெரியும்.

2017-ல முடிவு வெளியாச்சு. தன்னடக்கம் கொஞ்சம் கூடியிருந்தது. வன்முறையைப் பார்த்து வளர்ந்த பையன்கள்கிட்ட முரட்டுத்தனம் குறைஞ்சிருந்தது. அறிவுத்திறன்ல பெரிய வித்தியாசம் இல்லை. இசை கத்துக்கிட்டா மார்க் ஏறும்னு சேர்த்துவிடுற அம்மா அப்பா கவனிக்கவும்! என்னை உறுத்தினது வேற: ஏழைகளுக்காகன்னு பேர் வாங்கின திட்டத்துல, சேர்ந்த பிள்ளைகள்ல ஏழைகளோட பங்கு அந்தப் பகுதி மக்கள்தொகையில இருக்கறதை விட ரொம்பக் குறைவு.

அங்க அளந்தது ஒரே வருஷம். காசிக்குப் போன பையன்கிட்ட ஆறாவது மாசத்துல ஒரு கேள்வித்தாளை நீட்டி, "சந்தோஷமா இருக்கியா தம்பி?"ன்னு கேட்டிருந்தா, வீட்டு ஞாபகம்னுதான் எழுதியிருப்பார்னு நினைக்கிறேன்.