நூற்றிருபதிலிருந்து முந்நூற்றறுபதுக்கு: மைசூரு கஞ்சிஃபாவும் அதன் மூல ஆட்டமும்

பேர் பெற்ற ஓர் ஆட்டத்துக்கு இரண்டாம் பாகம் செய்பவர் யாருக்காகச் செய்கிறார்? முதல் ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவருக்காகவா, அதைத் தொட்டே பார்க்காதவருக்காகவா? வீடியோ கேம் உலகம் இதைத் தன் காலத்துக் கேள்வியாக எண்ணுகிறது. மைசூரு அரண்மனையிலோ அது 19ஆம் நூற்றாண்டிலேயே சீட்டுக்கட்டின் வடிவில் எழுந்துவிட்டது.

மூல ஆட்டம் பாரசீக வழியில் வந்த கஞ்சிஃபா. சிந்துவின் ஷா ஹசனுக்குக் கஞ்சிஃபாச் சீட்டுகளை அனுப்பிவைத்ததை 1527ஆம் ஆண்டுக் குறிப்பில் பாபர் எழுதியிருக்கிறார். அபுல் ஃபசலின் ‘அயினி அக்பரி’ பன்னிரண்டு இனங்கள் கொண்ட 144 சீட்டுக் கட்டை விவரிக்கிறது. பரவலாக நிலைத்தது எட்டு இனங்கள் கொண்ட 96 சீட்டுக் கட்டு. இந்துக் குடும்பங்களில் அது தசாவதாரக் கட்டாக மாறியது: மச்சம் முதல் கல்கி வரை பத்து இனங்கள், இனத்துக்குப் பன்னிரண்டு, மொத்தம் 120 சீட்டுகள். சீட்டுகள் பெரும்பாலும் வட்டமானவை, கையால் தீட்டியவை.

ஒவ்வோர் இனத்திலும் ராஜா, மந்திரி, பிறகு ஒன்று முதல் பத்து வரை எண்கள். ஐந்து இனங்களில் பத்துதான் பெரிய எண். மற்ற ஐந்தில் வரிசை தலைகீழாகி ஒன்று மேலேறிவிடும். வழக்கமாக மூன்று பேர் ஆடுவார்கள், ஆளுக்கு நாற்பது சீட்டு. பகலில் ராமர் இனத்து ராஜாவை வைத்திருப்பவரும் இரவில் கிருஷ்ணர் இனத்து ராஜாவை வைத்திருப்பவரும் முதலில் இறக்குவது வழக்கம். துருப்பு கிடையாது. இறக்கிய இனத்தில் பெரிய சீட்டு எவரிடமோ அவருக்கே பிடி. ஆகவே எந்தச் சீட்டு போயிற்று, எது இன்னும் வெளிவரவில்லை என்ற நினைவாற்றலே முழு ஆட்டமும். இந்த எளிமையில் எனக்குப் பெரும் மதிப்புண்டு. விதிகளைச் சில நிமிடங்களில் சொல்லிக்கொடுத்துவிடலாம், தேர்ச்சிக்கோ வருடங்கள் வேண்டும்.

இந்த ஆட்டத்தைக் கையிலெடுத்தவர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் (1794–1868). 1799இல் சிறுவனாக அரியணை ஏறினார். 1831இல் ஆங்கிலேயர் நிர்வாகத்தைப் பறித்துக்கொண்டனர். அரசுரிமை மைசூருக்குத் திரும்பியது அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1881இல். ஆளும் வேலை கையைவிட்டுப் போன பிறகும் அவருடைய அறிவு ஓயவில்லை. சதுரங்கக் குதிரையை எல்லாக் கட்டங்களிலும் ஒவ்வொரு முறை நிறுத்தும் புதிருக்குப் பல தீர்வுகள் கண்டார். அவர் தொகுப்பித்த ‘ஸ்ரீதத்வநிதி’யின் ஒன்பது நிதிகளில் ஒன்றான கௌதுக நிதியில், அவர் வகுத்த சீட்டாட்டங்கள் வண்ணப்படங்களுடன் இடம்பெற்றன. ‘சத’ என்பது அவற்றின் பொதுப்பெயர்.

மூலத்தோடு ஒப்பிட்டால் அவர் எங்கெல்லாம் கைவைத்தார் என்பது தெளிவாகத் தெரியும். பத்து இனங்கள் சில கட்டுகளில் பதினெட்டாயின. இனத்துக்கு இரண்டு படச்சீட்டுகள் இருந்த இடத்தில், வழக்கமான மைசூருக் கட்டில் ஆறு. எண்களும் பத்திலிருந்து பன்னிரண்டாயின. பெரிய கட்டில் 360 சீட்டுகள். பழைய முறைப்படி மூவர் அதைப் பகிர்ந்தால் ஆளுக்கு 120 வரும். ஒரு முழு தசாவதாரக் கட்டே ஒருவர் கைக்குள் அடங்க வேண்டும்!

அதைவிடப் பெரிய மாற்றம் விதியில் நேர்ந்தது. நிரந்தரத் துருப்பும், எந்தச் சீட்டுக்கும் ஈடாகும் ஜோக்கர் போன்ற சீட்டுகளும் நுழைந்தன. துருப்பு வந்ததும் நினைவாற்றலின் தனியாட்சி முடிந்துவிடுகிறது. பெரிய சீட்டைக் கடைசிவரை காத்து வைத்தவர்கூட வெட்டுப்படலாம். இதைப் பழைய ஆட்டத்தின் நீட்சி என்பதைவிட அதற்கு எழுதிய மறுப்புரை என்பதே பொருந்தும்.

ஒடிசாவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கஞ்சப்பா எனப்படும் கஞ்சிஃபாவும் வளர்ந்தது: எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினாறு இனங்கள் என்று கட்டு பெருத்தது. ஆனால் இனத்துக்குப் பன்னிரண்டு சீட்டு என்ற எலும்புக்கூடு அப்படியே நின்றது. பத்து இனம் ஆடத் தெரிந்தவர் பதினாறு இனக் கட்டோடும் உட்கார்ந்துவிடலாம். மைசூருக் கட்டோ ஆடத் தெரிந்தவரையும் புது மாணவராக்கியது.

நூற்றாண்டு தாண்டி ஜப்பானின் கியோத்தோவில் இதே கதை நடந்தது. 1889இல் ஹனஃபுடா சீட்டுகள் செய்யத் தொடங்கிய நின்டெண்டோதான் 1985இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ வெளியிட்டது. 1986இல் ஜப்பானில் வந்த இரண்டாம் பாகத்தில் ஓட்டமும் தாவலும் ஏறக்குறைய அதேதான்; ஆனால் தின்றால் கெடுக்கும் காளான், தாவும்போது தள்ளும் காற்று, பின்னோக்கி அனுப்பும் குறுக்குவழி என்று பழைய பழக்கங்களுக்கெல்லாம் பொறி வைத்திருந்தார்கள். பெரும் ஆட்டக்காரர்களுக்கானது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருந்தார்கள். அமெரிக்காவுக்கு அது கடினம் என்று கருதி, 1988இல் வேறொரு ஆட்டத்தை மாற்றியமைத்து இரண்டாம் பாகமாக அனுப்பினார்கள். ஜப்பானியப் பாகம் அங்கே போய்ச் சேர்ந்தது 1993இல், ஒரு தொகுப்பின் பகுதியாக.

மைசூரு ஆட்டங்கள் அரண்மனையைத் தாண்டிப் பரவவில்லை. அதற்குக் கடினத்தை மட்டும் காரணமாக்குவது நியாயமல்ல என்பது என் முடிவு. எளிய தசாவதாரக் கட்டும் அச்சில் மலிவாக வந்த 52 சீட்டுக் கட்டின் முன்னால் தளர்ந்தது. கையால் தீட்டிய 120 சீட்டே விலை கூடுதல் என்றால் 360 சீட்டை எந்த வீடு வாங்கும்? அரசரின் ஆட்டத்துக்கு மாற்று வடிவம் செய்து வெளியே கொண்டுபோக நின்டெண்டோ போன்ற ஒரு வணிகரும் இல்லை. மூல ஆட்டம் ஒடிசாவில் ஆட்டமாகவே தாக்குப்பிடித்தது. மைசூருக் கஞ்சிஃபா ஓவியமாகப் பிழைத்தது. கஞ்சிஃபா ரகுபதி பட்டர் போன்ற ஓவியர்களின் கையில் அதற்குப் புது மதிப்பு பிறந்தது. மைசூரு கஞ்சிஃபாச் சீட்டுகள் புவிசார் குறியீடும் பெற்றன.

இதில் ஒரு வருத்தம் எனக்கு உண்டு. அதே கௌதுக நிதியிலுள்ள ஆசனப் படங்கள் 1996இல் நார்மன் ஸ்யோமன் நூலால் உலக யோக ஆய்வுக்குள் நுழைந்தன. சீட்டாட்டப் பக்கங்களை ருடால்ஃப் வான் லைடன் போன்ற சேகரிப்பாளர்கள் ஆராய்ந்தார்கள். ஆனால் அவர்களுடைய வாசகர்கள் பெரும்பாலும் அருங்காட்சியகத்தார். மைசூருவின் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம் ‘க்ரீடா கௌசல்யா’ கண்காட்சிகள் மூலம் பழைய பலகை ஆட்டங்களைத் திரும்ப ஆட வைத்திருக்கிறது. சத ஆட்டங்களுக்கும் அதே உழைப்பு தேவை. விதிகளைத் தெளிவாகப் பதிப்பித்து, ஒரு கட்டை அட்டையில் மலிவாக அச்சிட்டு, துருப்பு வைத்து ஆடிப் பழகியவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அரசர் கூட்டிய துருப்பு ஆட்டத்தைச் செழுமையாக்கியதா, சுமையாக்கியதா என்பதை அவர்கள் ஆடிப் பார்த்துச் சொல்லட்டும்.