ஏரி மீனுக்கு ஒரு மசாலா, கடல் மீனுக்கு வேற மசாலா... ஏன்? பெரம்பலூர், அரியலூர் மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இதோ!

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வாங்கியாச்சு. வீட்டுக்கு வந்ததும் என்ன நடக்கும்? மஞ்சள்தூள், உப்பு, பாக்கெட் மீன் மசாலா. ஏரியில் பிடிச்ச கட்லாவா இருந்தாலும் சரி, ஐஸ் பெட்டியில் வந்த மத்தியா இருந்தாலும் சரி, பெரும்பாலான வீடுகளில் ஒரே மசாலாதான். அப்புறம், "இன்னைக்கு மீன்ல சேத்து வாடை அடிக்குது", "குழம்பு சப்புன்னு இருக்கு" என்று குறை சொல்வோம்.

குறை பல நேரம் மீனில் இல்லை. அந்த மீனுக்கு அந்த மசாலா சரியான ஜோடி இல்லை, அவ்வளவுதான். எந்த மீனுக்கு எது சேரும், ஏன் சேரும், எந்த இடத்தில் எவ்வளவு நல்ல மசாலா போட்டாலும் காப்பாற்றாது என்பதை இந்தத் தொகுப்பில் பார்க்கலாம்.

கடற்கரை இல்லாத 2 மாவட்டங்கள்

பெரம்பலூர், அரியலூர் இரண்டுக்குமே கடற்கரை கிடையாது. வடக்கே வெள்ளாறு, அரியலூருக்குத் தெற்கே கொள்ளிடம், நடுவில் ஏராளமான ஏரி குளங்கள். அதனால் இங்கே காலங்காலமாகச் சட்டியில் கொதித்தது கெண்டை, விரால், கெளுத்தி, குரவை போன்ற நன்னீர் மீன்கள்தான். இப்போது ஏரிகளில் வளர்க்கப்படும் கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி ஆகியவையும் அதில் சேர்ந்துவிட்டன. ஆற்று மீனுக்காகக் கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டப்பட்ட அணைக்கரை வரை போய் வாங்கி வருகிறவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம், நாகை, கடலூர் போன்ற கடற்கரைப் பகுதிகளில் இருந்து ஐஸ் பெட்டியில் கடல் மீன் வருகிறது. ஆக, ஒரே மார்க்கெட்டில் இரண்டு வகை மீன். இரண்டின் வாடையும் வேறு, கொழுப்பும் வேறு. மசாலாவைத் தீர்மானிக்க வேண்டியது இந்த இரண்டு விஷயங்கள்தான்.

சேத்து வாடை எங்கிருந்து வருது?

முதல் மழை விழுந்ததும் மண்வாசனை தூக்குமே, அதற்கு முக்கியக் காரணம் 'ஜியோஸ்மின்' என்ற வேதிப்பொருள். 1965-ல் விஞ்ஞானிகள் இதைப் பிரித்தெடுத்துப் பெயர் வைத்தார்கள். பீட்ரூட்டில் வரும் மண் வாசனையும் இதேதான். மழையில் நமக்குப் பிடித்த அதே வாசனை, மீனில் வந்தால் 'சேத்து வாடை' ஆகிவிடுகிறது.

ஏரித் தண்ணீரில் வளரும் நீலப்பச்சைப் பாசியும், மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களும் ஜியோஸ்மினை உருவாக்குகின்றன. தண்ணீர் வழியாக அது மீனின் உடம்புக்குள் போய், தோல், வயிற்றுப் பகுதிக் கொழுப்பு, கருஞ்சதை ஆகிய இடங்களில் தங்கிவிடுகிறது. கோடையில் ஏரி வற்றி, தண்ணீர் சூடாகிப் பாசி பிடித்திருக்கும்போது பிடிக்கும் மீனில் வாடை தூக்கலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

மனித மூக்கு இதை மிக மிகக் குறைந்த அளவில்கூடக் கண்டுபிடித்துவிடும். ஆனால் ஜியோஸ்மினுக்கு ஒரு பலவீனம் உண்டு. புளிப்பு பட்டால் அது வாசனையே இல்லாத வேறு பொருளாக மாறிவிடும். புளி, எலுமிச்சை, மாங்காய், தக்காளி, மோர் எல்லாமே புளிப்புதான். "ஏரி மீனுக்குப் புளி கொஞ்சம் தூக்கலா இருக்கணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது வெறும் ருசிக்காக மட்டும் அல்ல.

கடல் மீன் வாடை வேற கதை

கடல் மீனின் கவிச்சி ஜியோஸ்மினால் வருவதில்லை. உப்புத் தண்ணீரில் வாழ்வதற்காகக் கடல் மீன் தன் உடம்பில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து வைத்திருக்கும். மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை உடைத்து 'ட்ரைமெத்திலமைன்' ஆக மாற்றும். அதுதான் நமக்குத் தெரிந்த 'மீன் கவிச்சி'. நன்னீர் மீனில் இந்தப் பொருள் மிகக் குறைவு.

இந்தக் கவிச்சி காரத்தன்மை கொண்டது. எலுமிச்சையோ புளியோ பட்டால் அது காற்றில் கிளம்பாத உப்பாக மாறிவிடும். மூக்குக்கு வராது. பொரித்த மீன் தட்டில் எலுமிச்சைத் துண்டு வைப்பதன் ரகசியம் இதுதான்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஏரி மீனில் வாடை என்றால், மீன் வாழ்ந்த தண்ணீர் அப்படி என்று அர்த்தம். கடல் மீனில் கவிச்சி அதிகம் என்றால், பிடித்து நாளாகிவிட்டது என்று அர்த்தம். முதலாவதைப் புளி சரி செய்யும். இரண்டாவதில் புளி வாடையை மட்டும்தான் அடக்கும்.

எந்த மீனுக்கு எது சேரும்?

மிளகாயின் காரம், மஞ்சளின் நிறம், கறிவேப்பிலையின் வாசனை ஆகியவை கொழுப்பில் நன்றாகக் கரையும். கொழுப்பு இல்லாத மீனுக்கு எண்ணெயோ தேங்காயோ துணைக்கு வேண்டும். கொழுப்பு அதிகமுள்ள மீனுக்குப் புளிப்பும் மிளகும் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளது எளிதாகப் புரியும்.

கட்லா, ரோகு, மிர்கால்: 100 கிராம் சதையில் கொழுப்பு பொதுவாக 3 கிராமுக்குள்தான். புளி, மஞ்சள், மல்லித்தூள், வெந்தயம், நல்லெண்ணெய் நல்ல கூட்டணி. கடைசியில் கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றினால் சப்பென்று இருக்காது. கழுவும்போது வயிற்றுக்குள் இருக்கும் கறுப்புச் சவ்வைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வாடையில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

ஜிலேபி: சேத்து வாடை புகார் அதிகம் வரும் மீன். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து, மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ 15 நிமிடம் வைத்துக் கழுவலாம். வறுவலுக்குப் பூண்டு, சோம்பு, மிளகாய்த்தூள் பொருந்தும்.

விரால்: சதை கெட்டி, கொழுப்பு குறைவு. மேலே உள்ள வழவழப்பைக் கல் உப்பு போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். இதற்கு மசாலாவைக் கொட்டத் தேவையில்லை. மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் போதும்.

கெளுத்தி, அயிரை: இவற்றுக்குப் புளிக்குழம்புதான் சரி. மாங்காய் சீசனில் புளியைக் குறைத்து மாங்காய் போடலாம். அயிரையை உயிரோடு வாங்கி, பாலிலோ தண்ணீரிலோ விட்டு மண்ணைக் கக்க வைத்த பிறகு சமைப்பது பழைய வழக்கம்.

மத்தி, காணாங்கெளுத்தி: எண்ணெய்ச் சத்து உள்ள கடல் மீன்கள். தேங்காயும் எண்ணெயும் அதிகம் ஊற்றினால் திகட்டும். மிளகு, புளி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை போதும். பொரிப்பதாக இருந்தால் எண்ணெயைக் குறைத்து, தோசைக்கல்லில் போட்டு எடுக்கலாம்.

சால்மனுக்கு என்ன போடுவது?

செல்போன் ஆப்பில் மீன் வாங்குகிறவர்களின் புதிய கேள்வி இது. முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். நம்மூரில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் காலா மீன். அது நம் வெப்பக் கடல் மீன். சால்மன் குடும்பமே கிடையாது. உண்மையான சால்மன் குளிர்நாட்டு மீன். நார்வே, சிலி போன்ற நாடுகளில் பண்ணைகளில் வளர்க்கப்படுகிறது. ஆரஞ்சு நிறச் சதையும், இடையே வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பும் அதன் அடையாளம்.

பண்ணை சால்மனில் 100 கிராமுக்கு சுமார் 13 கிராம் கொழுப்பு இருக்கும். நம்மூர் ரோகுவோடு ஒப்பிட்டால் பல மடங்கு. அதனால்தான் வெளிநாடுகளில் அதற்கு எலுமிச்சை, மிளகு, சதகுப்பைத் தழை என்று லேசாக முடித்துவிடுகிறார்கள். நம் வீட்டில் செய்வதானால் உப்பு, மிளகு, மஞ்சள், நசுக்கிய பூண்டு, கறிவேப்பிலை போட்டுக் கல்லில் வாட்டி, இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் போதும். புளிக்குழம்பில் போட்டால் தப்பில்லை. ஆனால் கொடுத்த காசுக்கான ருசி மசாலாவில் மறைந்துவிடும். காலா மீனுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். குழம்பு, வறுவல் இரண்டுக்கும் அது ஒத்துவரும்.

எப்போ போடணும்? அதுவும் முக்கியம்

சின்ன வெங்காயம்: செட்டிகுளம் உட்பட பெரம்பலூர் பகுதியே சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. குழம்புக்குப் பாதியை முழுசாக வதக்கி, மீதியை அரைத்து ஊற்றினால் குழம்பு கெட்டியாகும். லேசான இனிப்பு வந்து புளிப்பைச் சமன் செய்யும்.

புளி: கரைசல் பச்சை வாசனை போகக் கொதித்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். மீன் வேக 7 முதல் 10 நிமிடம் போதும். மீன் போட்ட பிறகு கரண்டிக்கு வேலை இல்லை. சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றினாலே போதும். புளிப்பு அலுமினியத்தோடு வினைபுரியும் என்பதால் மண்சட்டியோ எவர்சில்வரோ நல்லது.

எலுமிச்சை: மீனில் 15 நிமிடத்துக்கு மேல் ஊற விட வேண்டாம். புளிப்பு பட்டால் மேல் சதை வெந்தது போல் வெளுத்து, உதிர ஆரம்பிக்கும்.

வெந்தயம்: தாளிக்கும்போது அரை ஸ்பூன். கருகினால் மொத்தக் குழம்பும் கசக்கும்.

கறிவேப்பிலை, மல்லித்தழை: கறிவேப்பிலை எண்ணெயில், மல்லித்தழை இறக்கும்போது. மல்லித்தழையைக் கொதிக்க விட்டால் வாசனை போய்விடும்.

உப்பு: பாக்கெட் மசாலா பலவற்றில் ஏற்கெனவே உப்பு இருக்கும். அட்டையைப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு மொத்தம் 5 கிராமுக்குள் உப்பு என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

மசாலா காப்பாற்றாத இடம் இதுதான்!

மசாலாவால் வாடையை மாற்ற முடியும். கெட்டுப்போன மீனை நல்ல மீனாக்க முடியாது.

மத்தி, காணாங்கெளுத்தி, சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வைத்தால், பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் 'ஹிஸ்டமின்' என்ற பொருளை உருவாக்கும். கழுவினால் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. ஃப்ரீசரில் வைத்தாலும் போகாது. சாப்பிட்ட சில நிமிடங்களிலோ, ஓரிரு மணி நேரத்திலோ முகம் சிவந்து, அரிப்பு, தலைவலி, படபடப்பு, வாந்தி வரலாம். பலரும் இதை "மீன் ஒத்துக்கலை" என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். மூச்சுத் திணறல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஹிஸ்டமின் உள்ள மீன் சில நேரம் நாக்கில் மிளகு பட்டது போலச் சுள்ளென்று இருக்கும். காரக் குழம்பில் அது எப்படித் தெரியும்? இருக்கிற ஒரே எச்சரிக்கையையும் மசாலா மறைத்துவிடுகிறது. அதனால் சோதனையைச் சட்டியில் செய்ய முடியாது. கடையிலேயே செய்ய வேண்டும்.

கண் தெளிவாக, மேடாக இருக்க வேண்டும். குழி விழுந்து மங்கியிருந்தால் வேண்டாம்.

செவுள் சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும்.

சதையை அழுத்திய விரலை எடுத்ததும் பள்ளம் மறைய வேண்டும்.

கடல் மீனில் கடல் வாசனை இருக்கலாம்; மூக்கைத் துளைக்கும் நெடி கூடாது.

மருந்து வாடை வந்தாலோ, ஈயே அண்டாமல் மீன் விறைப்பாக இருந்தாலோ உஷார். 2018-ல் கேரளாவில் 'ஆபரேஷன் சாகர் ராணி' சோதனையில் ஃபார்மலின் கலந்த மீன் டன் கணக்கில் பிடிபட்டது. மீனில் ஃபார்மலின் கலக்க அனுமதியே இல்லை. சந்தேகம் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்யலாம்.

ஏற்கெனவே மசாலா தடவி வைத்திருக்கும் மீனில் கூடுதல் கவனம் வேண்டும். கண்ணும் தெரியாது, செவுளும் தெரியாது, வாடையும் தெரியாது. பளபளவென்ற சிவப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். செயற்கை நிறம் சேர்க்கக் கூடாது என்று கர்நாடக அரசு 2024 ஜூனில் கபாப், மீன் வகைகளுக்குத் தடை போட்டது நினைவிருக்கலாம். வீட்டில் சிவப்பு வேண்டுமென்றால் காஷ்மீரி மிளகாய்த்தூள் இருக்கிறது. நிறம் வரும், காரமும் குறைவு.

கடையில் இருந்து வீடு தூரம் என்றால் மீனோடு ஐஸையும் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் கழுவி, மசாலா தடவி ஃப்ரிட்ஜில் வையுங்கள். "மசாலா தடவியாச்சு, கெடாது" என்று வெளியே வைப்பது தவறு. மறுநாள் மீன் குழம்புக்கு ருசி அதிகம்தான். ஆனால் ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் நன்றாகக் கொதிக்க விட்ட பிறகே சாப்பிட வேண்டும்.

சுருக்கமா சொல்லணும்னா...

ஏரி மீனுக்குப் புளிப்பும் கொஞ்சம் எண்ணெயும் வேண்டும். கொழுப்பு மீனுக்கு மிளகும் எலுமிச்சையும் போதும். விராலுக்கும் சால்மனுக்கும் மசாலாவில் கை அடக்கம் தேவை. கெட்டுப்போன மீனுக்கு ஒரே வழிதான்: வாங்காமல் வருவது. அடுத்த ஞாயிறு மசாலா டப்பாவைத் திறப்பதற்கு முன்னால், கடையில் மீனின் செவுளைத் திறந்து பாருங்கள்.