குளம், காடு, அடைக்கலம்: வன்னியில் பொது நன்மை

கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனை 1891இல் பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலோடு தொடங்குவதாகக் கணக்கிடுவது வழக்கம். ஐரோப்பிய ஆலைத் தொழிலாளியின் கூலி, தொழிற்சங்கம், தனிச்சொத்து ஆகியவையே அதன் கவலைகள். அந்தக் காலத்தில் இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் ஆலையும் இல்லை, முதலாளியும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து 1895இல் ஜே. பி. லூயிஸ் என்ற அதிகாரி எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேட்டில் வேறொரு வறுமை பதிவாகியிருக்கிறது: உடைந்த குளங்கள், காய்ச்சல், ஆள் குறைந்த ஊர்கள். இங்கே காணிக்குப் பஞ்சமில்லை. தண்ணீருக்கும் அணைக்கட்டைக் காத்து நிற்கும் கைகளுக்குமே பஞ்சம்.

வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்குப் போகும் ஏ9 வீதியில், நெடுங்கேணிக்குப் பாதை பிரியும் சந்தி புளியங்குளம். அதற்கு வடக்கே கனகராயன்குளம், மாங்குளம் என்று பெயர்கள் தொடர்கின்றன. வன்னியில் ஊர் என்றால் பெரும்பாலும் ஒரு குளமும் அதன் கீழுள்ள வயலுமே. கட்டு உடைந்தால் எல்லாரும் கூடையோடு போகவேண்டும். தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் எவ்வளவு விதைப்பது என்பதைக் கமக்காரர் கூடித்தான் தீர்மானிக்கவேண்டும். வசதி படைத்த ஒருவர் தமக்கென்று தனியாக ஒரு மதகைத் திறந்துகொள்ள முடியாது. பொது நன்மை என்று திருச்சபை ஏடுகள் விளக்கும் கருத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

ஆனால் இந்தக் கூட்டுழைப்பை அழகுபடுத்திப் பார்ப்பதும் தவறு. அதில் ஒரு பகுதி இராசகாரியம் என்ற கட்டாய ஊழியம். பிரித்தானிய அரசு 1832இல் அதை ஒழித்தது மனித மாண்புக்குக் கிடைத்த வெற்றிதான். எனினும் அதே நடவடிக்கை பல குளங்களைக் கேட்பாரற்று விட்டது. 1856இன் நீர்ப்பாசனச் சட்டம் ஊர் வழமைகளுக்கு மறுபடி சட்ட வலுக் கொடுத்து அந்தச் சேதத்தை ஓரளவு சரிசெய்ய முயன்றது. ஊரால் முடிந்ததை ஊரே செய்யட்டும், முடியாததற்கு மேலுள்ள அதிகாரம் துணை நிற்கட்டும் என்ற துணைநிலைக் கோட்பாட்டை 1931இல் பதினோராம் பத்திநாதர் வகுத்தபோது அவர் இலங்கைக் குளங்களை நினைத்திருக்கமாட்டார். ஆனாலும் வன்னியின் பிரச்சினை அதுவேதான்.

வன்னிக் கத்தோலிக்கத்தின் வேர் சுற்றுமடல்களில் இல்லை, காட்டில் இருக்கிறது. 1658இல் யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். மரபுப்படி 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தோடு ஓடிய குடும்பங்கள் மடு என்று வழங்கும் மருதமடுவில் தங்கின. 1847இல் இலங்கை வந்த அமலமரித் தியாகிகள் சபைத் துறவிகள் அந்த இடத்தை வளர்த்தார்கள். ஆயர் பொஞ்சீன் 1872இல் இன்றைய கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். ஆவணித் திருவிழாவுக்குக் குடும்பம் குடும்பமாக வந்து மரத்தடியில் கொட்டிலடித்துத் தங்குவோரில் கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவரும் சிங்களவரும் இருந்தார்கள். துரத்தப்பட்டவர் தஞ்சம் புகுந்த இடம் என்பதால் மடுவில் அடைக்கலம் ஒரு கொள்கையாவதற்கு முன்பே பழக்கமாகிவிட்டது.

நிலத்தைப் பற்றிய போதனை பின்னர் வந்தது. தனிச்சொத்து எவருக்கும் எல்லையற்ற உரிமையல்ல என்று ஆறாம் சின்னப்பர் 1967இல் 'பொப்புலோரும் புரோகிரெசியோ'வில் எழுதினார். மறு ஆண்டே இலங்கை ஆயர்கள் செடெக் என்ற சமூக பொருளாதார அபிவிருத்தி நிலையத்தை அமைத்தார்கள். 1972இல் இயேசு சபைத் துறவி போல் காஸ்பர்ஸ் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கி மலையகத் தோட்டத் தொழிலாளரின் பக்கம் நின்றார். அந்தத் தொழிலாளர்கள்தாம் வன்னிக்கும் வந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1958இலும் 1977இலும் இனக்கலவரத்துக்குத் தப்பி, காடு வெட்டி வாழ முனைந்தவர்கள் அவர்கள். மருத்துவர் இராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் டேவிட்டும் நடத்திய காந்தியம் என்ற அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. அது திருச்சபை அமைப்பல்ல. ஆயினும் ஏழைக்கு நிலத்தில் பங்குண்டு என்ற கருத்தை வவுனியா மண்ணில் நடைமுறையாக்கியதில் அதற்கே முதலிடம் தரவேண்டும். 1983 யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். மலையகத்திலிருந்து வந்தவர்களைப் பழைய குடிகள் சமமாக நடத்தினார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. கூலிக்கு வேண்டப்பட்டவர்கள் காணி உறுதிக்கும் குளத்துத் தண்ணீருக்கும் பல ஊர்களில் பின்வரிசையிலேயே நின்றார்கள். சாதி வேறுபாட்டைத் தன் பங்குகளுக்குள்ளேயே முழுமையாகக் களையாத திருச்சபைக்கு இதைத் தட்டிக்கேட்பது எளிதாக இருக்கவில்லை.

1981இல் மன்னார், வவுனியா மாவட்டங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து மன்னார் மறைமாவட்டமாயின. மன்னாரில் வாழ்வுதயமும் யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் கியூடெக்கும் கறிற்றாஸ் என்ற திருச்சபைச் சமூகப் பணியின் பெயர்களாயின. 1990இல் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மறுபடி மூண்டபோது மடுவில் பல்லாயிரம் பேர் தங்கினார்கள், ஐ.நா. அகதிகள் ஆணையம் அதைத் திறந்த நிவாரண மையமாக நடத்தியது. 1997 மே 13இல் தொடங்கிய ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கையில் புளியங்குளம் மாதக்கணக்கில் போர்முனையானது. சுற்றியிருந்த ஊர்கள் வெறிச்சோடின. 1999 நவம்பர் 20இல் மடுக்கோயில் வளாகத்தில் எறிகணைகள் விழுந்து, தஞ்சமிருந்தவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடைக்கலம் என்ற மரபு போரிடும் தரப்புகள் மதிக்கும் வரைதான் செல்லும் என்பது அன்று தெரிந்தது. 2002 போர்நிறுத்தத்தில் ஏ9 திறந்தபோது ஓமந்தையில் இராணுவமும் புளியங்குளத்தில் புலிகளும் சோதனைச்சாவடி வைத்தார்கள். ஊர் ஓர் எல்லைக் கடவையாயிற்று.

2008 ஏப்ரலில் மடு மாதாவின் சுரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. அதே ஆண்டு செப்தெம்பரில் அரசின் உத்தரவால் ஐ.நா. நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறின. குருக்களும் கன்னியர்களும் பலர் மக்களோடு தங்கினார்கள். சமூகப் போதனை இங்கே திட்டங்களைவிட உடன் இருத்தலாக வெளிப்பட்டது. யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் போரின் முடிவில் 2009 மே 18இல் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போனார். அதன்பின் அவரைக் காணவில்லை.

மன்னார் ஆயர் இராயப்பு யோசப் 2011 சனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தல் கணக்கை வைத்தார். கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்தோபரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தவர்கள் 4,29,059 பேர். 2009 யூலை 10 வரை அரச பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். எஞ்சிய 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அந்த எண்ணைப் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. இறந்தவர் தொகையாக அவர் அதை அறிவிக்கவில்லை, விளக்கம்தான் கேட்டார் என்பது விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படுகிறது. ஒவ்வோர் ஆளும் கணக்கில் வரவேண்டியவர் என்பதே அந்தக் கேள்வியின் அடிப்படை.

தப்பி வந்தவர்கள் செட்டிக்குளம் மெனிக்பாம் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். கடைசி முகாம் 2012 செப்தெம்பரில்தான் மூடப்பட்டது. 2007இல் மக்கள் வெளியேற்றப்பட்ட முள்ளிக்குளம் என்ற கத்தோலிக்க ஊரில் கடற்படை நிலைகொண்டது. 2017இல் மக்கள் நடத்திய தொடர் போராட்டத்துக்குப் பின்னரே ஒரு பகுதிக் காணியை விட இணங்கியது. மீள்குடியேறிய ஊர்களில் போருக்குப் பிந்திய வறுமை கடன் வடிவில் வந்தது. கணவரை இழந்த பெண்கள் வீட்டுவாசலுக்கே வந்த நுண்கடனை வாங்கி, வாரத் தவணைக்காக மற்றொரு கடன் எடுத்தார்கள். கடும் வட்டியை 'ரேரும் நோவாரும்' கண்டித்தது. அதற்கும் வெகு முன்பிருந்தே திருச்சபை அதைப் பாவமாக எண்ணிவந்தது. 2018இல் அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் செலுத்தமுடியாமல் நின்ற ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய முன்வந்தது. அதற்கு மேற்பட்ட கடன்கள் தொடர்ந்தன.