தரவுத்தளக் கட்டளைக் கருவிகள்: ஒரு வரலாறு

வேளச்சேரியை ஒட்டியுள்ள சென்னை ஐஐடி வளாகத்தில் 1973-ஆம் ஆண்டு ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. ஒரே கணினியைப் பல துறையினரும் பகிர்ந்துகொண்டனர். நிரலைத் துளையட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு, அச்சிட்ட தாள் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினாலும் மீண்டும் வரிசைதான். பயனருக்கும் கணினிக்கும் இடையே கணினி மையப் பணியாளர் இருந்தார். இதில் தாமதம் உண்டு; ஆனால் ஒருவர் தவறி அடுத்தவருடைய தரவை அழித்துவிடும் வாய்ப்பு குறைவு.

அதே காலத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜீன் வோங்கும் இங்க்ரெஸ் என்னும் தரவுத்தள அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். அது யூனிக்ஸ் இயங்குதளத்தில் இயங்கியது. பலர் ஒரே நேரத்தில் முனையங்களில் அமர்ந்து, தாமே கட்டளைகளைத் தட்டச்சு செய்தனர். தரவுத்தளத்தை உருவாக்க 'கிரியேட்-டிபி', அழிக்க 'டெஸ்ட்ராய்-டிபி' என இரு கட்டளைகள் இருந்தன. முதல் கட்டளையில் 'கிரியேட்' என்பதன் கடைசி ஆங்கில எழுத்து விடுபட்டிருக்கும். பள்ளித் தேர்வில் இதற்கு மதிப்பெண் குறைந்திருக்கும்.

இனி தரவைக் காப்பது யார்? பள்ளி ஆய்வகச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பது போன்ற கேள்விதான் இது. இங்க்ரெஸ் கண்ட விடை எளியது. அனுமதி பெற்ற பயனர் மட்டுமே தரவுத்தளத்தை உருவாக்கலாம். உருவாக்கியவரே அதன் நிர்வாகி. அவரோ இங்க்ரெஸ் தலைமைப் பயனரோ தவிர வேறு எவரும் அதை அழிக்க முடியாது.

ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் போஸ்ட்கிரெஸ் திட்டத்தைத் தொடங்கினார். ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் ஆகியோர் அதில் எஸ்கியூஎல் மொழியைச் சேர்த்தபோது, 'பிஎஸ்கியூஎல்' என்ற கட்டளைவரிக் கருவியும் வந்தது. 1996-இல் அமைப்பின் பெயர் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என மாறியது. அனுமதி, உரிமை என்ற பழைய ஏற்பாடு இன்றும் அதில் தொடர்கிறது.

அழிக்கும் கட்டளையின் இன்றைய பெயர் 'டிராப்-டிபி'. தனியாகக் கேட்டுக்கொண்டாலன்றி, "உறுதிதானா?" என்று அது வினவுவதில்லை. எனினும் அத்தரவுத்தளத்துடன் வேறொருவர் இணைந்திருந்தால் அழிக்க மறுத்துவிடும். 2020-இல் வெளியான 13-ஆம் பதிப்பு முதல், பிறருடைய இணைப்பைத் துண்டித்துவிட்டு அழிக்கும் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளது.