இலண்டன் முதல் சிங்கப்பூர் வரை

1955ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் முதல் நாள், இலண்டன் மாநகரின் ஹைடு பூங்கா முனையிலிருந்து இரண்டு மோட்டார் வண்டிகள் புறப்பட்டன. ஒன்று கருநீலம், மற்றொன்று வெளிர்நீலம். கருநீல வண்டியின் பெயர் ஆக்ஸ்போர்டு. வெளிர்நீல வண்டியின் பெயர் கேம்பிரிட்ஜ். அவ்விரு பல்கலைக்கழகங்களுக்கும் உரிய நிறங்கள் அவை. வண்டிகளில் இருந்தவர்கள் அறுவர். அனைவரும் இளைஞர்கள். அவர்கள் சேர எண்ணிய இடம் சிங்கப்பூர்.

இதில் என்ன வியப்பு என்று நேயர்கள் வினவலாம். இலண்டனிலிருந்து இந்தியா வரை தரைவழியே வந்தவர்கள் முன்னரும் உண்டு. இந்தியாவுக்கு அப்பால்தான் இடர். அஸ்ஸாமுக்கும் பர்மாவுக்கும் இடையே நிற்கும் மலைக்காடுகளைக் கடந்து, மீண்டும் சயாமுக்குள் இறங்கி, மலாயாவின் தென்கோடி வரை சக்கரங்களை உருட்டிச் சென்றவர் அதுவரை இலர். முயன்றவர்கள் திரும்பினார்கள். நிலப்படத்தில் கோடு இருந்தது. நிலத்தில் வழி இருக்கிறதா என்பதைச் சொல்வார் இல்லை.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் நிலநூலும் வரலாறும் கற்பித்தவன். சுவரில் ஆசியப் படத்தைத் தொங்கவிட்டு, மாணவன் ஒருவனை அழைத்து, இந்த வழியைப் பிரம்பால் தொட்டுக் காட்டச் சொல்வேன். பாரிசு, இஸ்தான்புல், பாக்தாத், தெகரான், டில்லி, கல்கத்தா என்று பிரம்பு தயக்கமின்றி ஓடும். அஸ்ஸாம் வந்ததும் நின்றுவிடும். அந்த இடத்தில்தான் பாடம் தொடங்கும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் இங்கிலாந்தில் எஃகுக்குக் கடும் பஞ்சம். அரசு அளந்துதான் கொடுத்தது. ரோவர் என்னும் மோட்டார் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் என்பார் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சித் தீவிலே தம் பண்ணைக்கு அமெரிக்கப் படையினர் விட்டுச்சென்ற ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்தால் அதற்கீடாக வேறொரு வண்டி உள்நாட்டில் இல்லை என்ற நிலை அவரை உறுத்தியது. 1947இல் அவரும் அவருடைய தமையனாரும் கலந்து பேசியதன் பயனாகத் தோன்றியதே லாண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகின் முன் வைக்கப்பட்டது. எஃகு கிடைக்காததால் உடற்பகுதியை அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்தனர். வானூர்தித் தொழிலுக்காகக் குவித்த அலுமினியம் போர் ஓய்ந்தபின் தாராளமாகக் கிடைத்தது. பூசிய பச்சை வண்ணமுங்கூட வானூர்திக்கென வைத்திருந்த மிச்சமே. பஞ்சத்தால் நேர்ந்த அந்த மாற்றமே பிற்காலத்தில் அவ்வண்டியின் ஆயுளாயிற்று. இதனை இறுதியில் காண்போம்.

சாதாரண மோட்டார் வண்டியில் இரண்டு சக்கரங்களுக்கே எஞ்சினின் விசை செல்லும். சேற்றில் அவ்விரண்டும் பிடி இழந்தால் வண்டி நின்றவிடத்திலேயே சுழன்று தன் குழியைத் தானே ஆழப்படுத்திக்கொள்ளும். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டியிலோ பின் சக்கரங்கள் தள்ள, முன் சக்கரங்கள் இழுக்கும். அத்துடன் இரண்டாவது கியர் பெட்டி ஒன்றுண்டு. அதன் கோலைத் தாழ்நிலையில் இட்டால் வண்டி ஆமை வேகத்தில் நகரும். ஆனால் யானையின் வலிமையோடு ஏறும்.

இத்தகைய வண்டியை நெடுவழிக்கு ஆயத்தம் செய்வது தனிக்கலை. புதிதாய் இறங்குவோர் முதலில் செய்யும் பிழை, கண்ட பொருளையெல்லாம் ஏற்றுவது. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்ரி கேன் என்று வழங்கும் தகரக் கொள்கலன் 1937இல் ஜெர்மானியர் வகுத்தது. வட ஆப்பிரிக்கப் போரில் அதைக் கைப்பற்றிய பிரிட்டிஷார், தங்கள் தகரம் ஒழுக அது ஒழுகாமை கண்டு அப்படியே படியெடுத்தனர். ஜெர்மானியரை அவர்கள் ஏளனமாக அழைத்த பெயரே கொள்கலனுக்கும் ஒட்டிக்கொண்டது. ஒன்று 20 லிட்டர் கொள்ளும். நிறைந்தால் ஏறத்தாழ 20 கிலோ. பத்து ஏற்றினால் மூன்று ஆள் பாரம். குடிநீர், உதிரிச் சக்கரங்கள், மண்வெட்டி, கயிறு, கூடாரம், அரிசி என்று சேரச் சேரக் கமான் பட்டைகள் வளைகின்றன. கூரையின் மேல் பாரம் ஏற்றினாலோ வண்டியின் தலை கனத்து, சரிவில் சாய்கிறது.

என் பணியின் தொடக்க ஆண்டுகளில் மலையடிவார ஊர் ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். தேர்தல் பணிக்காக வாக்குப் பெட்டிகளுடன் மலைமேல் இருந்த சிற்றூருக்குப் பழைய ஜீப் ஒன்றில் செல்ல நேர்ந்தது. ஓட்டுநர் முதியவர். நாங்கள் கொண்டுவந்த மூட்டைகளை ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்துப் பாதியைக் கீழே வைத்துவிட்டார். “வாத்தியாரய்யா, மலைக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாது, எது வேண்டாம்னு தெரியும்” என்றார். நான் முகம் சுளித்தேன். மூன்றாம் வளைவில் சறுக்கு மண்ணில் வண்டி ஏறியபோது அவர்பால் மதிப்பு ஏற்பட்டது.

அறுவரும் செல்வர்கள் அல்லர். வண்டிகளை ரோவர் நிறுவனம் இரவலாய்க் கொடுத்தது. வேறு பல நிறுவனங்கள் உணவும் கருவிகளும் அளித்தன. பி.பி.சி. தொலைக்காட்சியில் அப்போது இளம் தயாரிப்பாளராக இருந்த டேவிட் அட்டன்பரோ படச்சுருள் தந்து உதவினார். படப்பிடிப்பை ஏற்றவர் அந்தனி பாரிங்டன் பிரவுன். 1953இல் வாட்சனும் கிரிக்கும் மரபணுவின் முறுக்கேணி உருவத்தருகே நிற்கும் புகழ்பெற்ற நிழற்படத்தை எடுத்தவர் இவரே. ஏட்ரியன் கோவெல், பாட் மர்பி, ஹென்றி நாட், நைஜல் நியூபெரி, டிம் ஸ்லெசர் ஆகியோர் மற்றையோர். கோவெல் பிற்காலத்தில் அமேசான் காடுகள் அழிவதைப் பல்லாண்டு படம் பிடித்து உலகறியச் செய்தார்.

பாலைவனங்களையும் இந்தியப் பெருஞ்சாலைகளையும் நான் விரைந்து கடக்கிறேன். அவை கடினமாயினும் தெரிந்த வழிகள். அஸ்ஸாமில் லீடோ என்னும் ஊரை அடைந்தபோதுதான் அவர்கள் எதற்காகப் புறப்பட்டார்களோ அது எதிர்ப்பட்டது.

லீடோ சாலையின் கதை துயரமானது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றிச் சீனாவுக்குச் செல்லும் வழியை அடைத்தனர். அதற்கு மாற்றாக, லீடோவிலிருந்து பாங்சாவ் கணவாய் ஏறி, ஹூகாங் பள்ளத்தாக்கில் இறங்கி, மிச்சினா வழியே பழைய பர்மாச் சாலையுடன் இணையும் புதுச்சாலை ஒன்றை நேச நாட்டினர் அமைத்தனர். அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 15,000 பேர். அவர்களுள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். உள்நாட்டுத் தொழிலாளர் 35,000 பேர். நிலச்சரிவாலும் காய்ச்சலாலும் விபத்தாலும் அமெரிக்கர் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். நம்மவர் எத்தனை பேர் என்பதை எவரும் சரியாக எண்ணி வைக்கவில்லை. லீடோவிலிருந்து சீனத்தின் குன்மிங் வரை 1,079 மைல். 1945 பிப்ரவரியில் முதல் வண்டி வரிசை குன்மிங் சேர்ந்தது. அதே ஆண்டில் போர் முடிந்தது. சாலையின் தேவையும் முடிந்தது.

அச்சாலை தோன்றுமுன் அதே கணவாய் வழியே வேறொரு கூட்டம் எதிர்த்திசையில் நடந்து வந்தது. 1942இல் பர்மாவிலிருந்து தாயகம் நோக்கி ஓடிவந்த இந்தியர்களுள் ஒரு பகுதியினர், மழைக்காலத்தில் ஹூகாங் பள்ளத்தாக்கின் சேற்றில் சிக்கி ஆயிரக்கணக்கில் மடிந்தனர். தமிழர் பெரும்பாலும் அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் வந்தனர் எனினும், நம் தென்மாவட்டங்களில் ‘பர்மா நடை’ என்றால் இன்றும் குரல் தாழ்த்திப் பேசும் வீடுகள் உண்டு. ஆகவே அவ்வழியை வெள்ளை இளைஞர்களின் வீர விளையாட்டுக் களமாக மட்டும் என்னால் படிக்க இயலவில்லை.

பத்தாண்டுகள் பேணுவாரற்றுக் கிடந்த சாலையைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டிருந்தது. பாலங்கள் பல இற்றிருந்தன. ஆறுகளில் வண்டிகளை இறக்கியே செல்ல வேண்டும். அரசின் அனுமதியும் எளிதன்று. வடபர்மாவில் கலகக் கூட்டங்கள் உலவிய காலம் அது. எனினும் இரு வண்டிகளும் பர்மாவைக் கடந்தன. ஷான் மலைநாட்டின் வழியே சயாமில் இறங்கின. மலாயாவில் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து நெருக்கடி நிலை நீடித்திருந்தது. 1956 மார்ச் 6ஆம் நாள் அவை சிங்கப்பூர் சேர்ந்தன. ஆறு திங்களுக்குச் சற்று மேல். ஏறத்தாழ 18,000 மைல். ஸ்லெசர் எழுதிய பயண நூல் 1957இல் வெளிவந்தது.

அதன்பின் வழி அடைபட்டது. 1962இல் பர்மாவில் படையாட்சி வந்தது. 1979இல் ஈரானில் புரட்சி. ஆண்டின் இறுதியில் ஆப்கானித்தானத்தில் சோவியத் படை. ஒரு தலைமுறைக்கு எட்டிய வழி அடுத்த தலைமுறைக்கு எட்டாமற் போனது. சாலைகள் மேம்பட மேம்படப் பயணம் எளிதாகும் என்று பாடநூலில் எழுதுகிறோம். வரலாறு அப்படி ஒழுங்காக நடப்பதில்லை.

வண்டிகள் என்னாயின? கேம்பிரிட்ஜ் பின்னொரு பயணத்தில் மலைச்சரிவில் வீழ்ந்து அழிந்தது. ஆக்ஸ்போர்டு, பறவை ஆராய்ச்சியாளர்களுடன் அட்லாண்டிக் பெருங்கடலின் அசென்ஷன் தீவுக்குச் சென்று, பின்னர் நெப்போலியன் சிறையிருந்த செயின்ட் ஹெலினாத் தீவில் தங்கிவிட்டது. அங்கே பல பத்தாண்டுகள் உழைத்து, ஓய்ந்து, உப்புக் காற்றில் கிடந்தது. பஞ்சத்தால் கிடைத்த அலுமினியத் தகடு துருவேறாது நின்றது. உள்ளிருந்த எஃகுச் சட்டமோ அரிக்கப்பட்டது. பழைய லாண்ட் ரோவர் வாங்குவோர் கீழே படுத்துச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது இதனால்தான். மேனியின் பொலிவு ஒன்றையும் சொல்லாது.

ஆடம் பென்னட் என்னும் ஆங்கிலேய ஆர்வலர் 2017இல் அவ்வண்டியை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றி மீட்டுச் சீர்செய்தார். பல உறுப்புகள் மாற்றப்பட்ட பின்னரும் அது அதே வண்டியா என்று வாதிடுவோர் உண்டு. நம் ஊர்த் தேருக்கு அச்சு மாற்றுகிறோம், சக்கரம் மாற்றுகிறோம், தட்டு மாற்றுகிறோம். அது வேறு தேர் என்று வடம் பிடிக்காமல் நின்றவர் எவரையும் நான் கண்டதில்லை.

2019இல் அலெக்ஸ் பெஸ்கோபி என்னும் இளைஞர், அந்த வண்டியைச் சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்கு ஓட்டிச்செல்ல ஒரு குழுவை அமைத்தார். எண்பத்தேழு வயதான ஸ்லெசரும் உடன் செல்வதாக ஏற்பாடு. முதியவர் சிங்கப்பூர் வரை வந்துவிட்டார். புறப்படும் வேளையில் உடல்நலம் குன்றியது. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் தாம் இறங்கிய அதே ஊரில், அதே வண்டியைக் கண்முன் வைத்துக்கொண்டு, ஏறாமல் திரும்ப வேண்டிய நிலை. அவருடைய பேரர் நாட் ஜார்ஜ் அவ்விடத்தில் அமர்ந்தார். ஆகஸ்டு 25ஆம் நாள் வண்டி புறப்பட்டது.

பழைய வழி முழுதும் கிட்டவில்லை. மியான்மரைக் கடந்து, திபெத், மத்திய ஆசியா வழியாகச் சுற்றிச் சென்றார்கள். திசம்பர் 14ஆம் நாள் ஆக்ஸ்போர்டு இலண்டனுக்குள் நுழைந்தது. பாட்டனார் அங்கே வந்து காத்திருந்தார்.