செக்ரோல் தாளில் செண்டுடோக் பூ

செக்ரோல் தாளின் முன்பக்கம் முழுக்கக் கட்டங்கள். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு அரைநாள் பேர் என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி கோடு கிழித்து வைத்திருப்பார். பின்பக்கம் வெறுமை. கழித்துப்போட்ட தாள்கள் கிராணி வீட்டு அடுப்படியில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அவர் மகன் என் வகுப்பு. பத்துக் கோலிக்கு ஒரு கட்டு என்று பேசி முடித்து, சட்டைக்குள் மறைத்து லயத்துக்குக் கொண்டுவருவேன். நான் முதலில் வரைந்த பூக்கள் எல்லாம் அந்தப் பின்பக்கங்களில்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பூவுக்குள் முனியம்மா, அரைநாள் என்று தெரியும்.

கெடாவில் பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் 1952இல் பிறந்தவன் நான். லயத்து வாசலில் நின்றால் வடக்கே குனோங் ஜெராய் தெரியும். 1,217 மீட்டர், சுற்றிலும் சமவெளி, நடுவில் ஒற்றை மலை. ஆனால் பள்ளியில் சித்திரப் பாடம் என்றால் இரண்டு மலை வரைய வேண்டும். நடுவில் அரைச் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை, ஒரு குடிசை. வாத்தியார் கரும்பலகையில் போட்டதை நாங்கள் சிலேட்டில் போட்டோம். ஒரு நாள் ஜெராயைப் பார்த்து ஒற்றை மலை வரைந்தேன். இன்னொரு மலை எங்கே என்று குட்டு விழுந்தது. பிற்பாடு நானே தமிழ்ப்பள்ளி ஆசிரியராகி முப்பது ஆண்டு பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் இரண்டு மலைதான் போட்டார்கள். அது எங்கிருந்து வந்ததோ, கொசு மாதிரி எல்லா ஊரிலும் இருக்கிறது.

மலையில் பிசகினாலும் பூவில் நான் பிசகவில்லை. காரணம் அம்மா. அப்பா பால்மரம் வெட்டினார், அம்மா புல்வெட்டுக் கும்பலில் இருந்தார். விடிகாலைப் பெரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு ஆள் எடுப்பது, முடிந்ததும் பெண்கள் நிரை நிரையாக இறங்கிக் களை எடுப்பார்கள். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். நான் வரைந்த பூ ஒவ்வொன்றும் அவர் கூலிக்குப் பிடுங்கிப் போட்டது. தோட்டத்தில் காட்டுப்பூ என்று தனியாக எதுவும் கிடையாது. மரவரிசைக்குள் தானாக முளைத்தால் அதற்குப் பெயர் களை.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஆரம்பக் காலத் துரைமார்களுக்கு மரத்தடி மண் மொட்டையாக இருந்தால்தான் தோட்டம். ஒரு புல் தலைகாட்டக் கூடாது. கெடா மழையில் அந்த மொட்டை மண் ஓடையோடு ஓடிப்போவதைப் பார்த்த பிறகு, 1930களை ஒட்டி மனம் மாறினார்கள். பியுராரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்று கொடிகளை அவர்களே விதைத்து மண்ணை மூடினார்கள். சென்ட்ரோசீமாவின் பூ வெளிர் ஊதாவில் சங்குப்பூவின் தங்கை மாதிரி இருக்கும். அதைப் பிடுங்கினால் கங்காணி திட்டுவார். அதன் பக்கத்திலேயே நிற்கும் செண்டுடோக்கைப் பிடுங்காவிட்டாலும் திட்டுவார்.

செண்டுடோக்தான் என் பூ. ஐந்து இதழ், ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறம், நடுவில் மஞ்சள். பழம் வெடித்தால் உள்ளே கருநீலச் சதை. தின்றால் நாக்கு கறுத்துவிடும். வண்ணப்பெட்டி இல்லாத எனக்கு அந்தச் சாறுதான் ஊதா. மஞ்சளுக்கு அம்மிக்கல், பச்சைக்கு இலையைக் கசக்கித் தேய்ப்பது, கறுப்புக்கு அடுப்புக்கரி. ஊதா இரண்டு வாரத்தில் பழுப்பாகிவிடும். அதன் தாவரவியல் பெயர் மெலஸ்டோமா மலபாத்ரிகம் என்று ரொம்பப் பின்னால் தெரிந்துகொண்டேன். மெலஸ்டோமா என்றால் கிரேக்கத்தில் கறுத்த வாய். அந்தப் பெயரை வைத்தவர்களும் தின்றிருக்க வேண்டும். இரண்டாம் சொல் காதில் மலபார் என்று விழுகிறது. கேரளக் கரையில் டச்சுக்காரர் வான் ரீட் தொகுத்து 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான ஹோர்டஸ் மலபாரிகஸில் அது கதலி. எங்கள் தோட்டத்துக் களைக்குப் படம் எழுதி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

காட்டுப்பூவை வரைவது பெரியவர்களும் செய்கிற வேலைதான் என்று எனக்குக் காட்டியது ஒரு ஆஸ்திரேலியக் காலண்டர். மூடா ஆற்றைத் தாண்டினால் பட்டர்வொர்த். அங்கே 1958 முதல் 1988 வரை ஆஸ்திரேலிய விமானப்படைத் தளம் இருந்தது. என் அத்தை அந்தக் குடும்பங்களில் ஒன்றில் வீட்டுவேலை பார்த்தார். வருஷம் முடிந்ததும் அந்த மேம் தூக்கிப் போட்ட காலண்டரை அத்தை கொண்டுவந்து லயத்துச் சுவரில் மாட்டினார். மாதம் ஒரு படம்: காய்ந்த புல்வெளி, பட்டை உரிந்த வெள்ளை மரங்கள், தூசிச் சாலையில் ஆடுகள், பூங்கொத்துகள். செப்டம்பருக்கு மஞ்சள் உருண்டைப் பூக்கள் அடர்ந்த ஒரு கிளை. திருச்சிப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்திலிருந்து கப்பலேறி வந்த பாட்டி அதை உற்றுப் பார்த்துவிட்டு, “இது நம்ம கருவேலம்பூடா” என்றார்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சொன்னது ஏறக்குறைய சரி. ஆஸ்திரேலியர்கள் தங்கள் நாட்டுச் சின்னத்தில் வைத்திருக்கும் அந்த மஞ்சள் பூ வாட்டிலும் நம் கருவேலமும் அகேசியா என்ற ஒரே பேரினத்தில்தான் வெகுகாலம் இருந்தன. அந்தப் பெயர் முதலில் கருவேலத்துக்குத்தான் போனது. 2005இல் வியன்னாவில் கூடிய தாவரவியலாளர்கள், எண்ணிக்கையில் அதிகமான ஆஸ்திரேலிய மரங்களுக்கே அகேசியா என்ற பெயரை விட்டுவிட்டார்கள். கருவேலம் இப்போது வசெல்லியா. பாட்டி இருந்திருந்தால் கேட்டுவிட்டு வெற்றிலை மென்றிருப்பார்.

அந்தக் காலண்டர்ப் படங்களுக்குப் பின்னால் பெண்கள் இருக்கிறார்கள் என்பதைப் பிறகு படித்தேன். எல்லிஸ் ரோவன் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணி புதரும் மலையுமாக அலைந்து காட்டுப்பூக்களை வரைந்தவர். அவர் 1922இல் இறந்தார். மறு வருஷம் அந்த நாட்டு அரசு 947 ஓவியங்களை 5,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. 1880இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனியில் ரோவனுக்கு எண்ணெய் வண்ணத்தைக் கற்றுக்கொடுத்தவர் மரியான் நார்த். உலகம் சுற்றி 800க்கு மேல் பூ ஓவியங்கள் செய்து, லண்டன் கியூ தோட்டத்தில் 1882இல் தனக்கென ஒரு கூடமே திறந்த ஆங்கிலப் பெண்மணி. அதே நார்த் 1876இல் சரவாக்கில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தார். அதே 1876இல்தான் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகள் கியூவுக்கு வந்து சேர்ந்தன. மறு வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. காட்டைப் படமாக்கியவரும் காட்டை அழிக்கப்போன மரமும் ஒரே தோட்டத்தின் வாசலில் நிற்பதாக எனக்கு ஒரு சித்திரம் மனதில் உண்டு. வரையத்தான் கை வரவில்லை.

ரிட்லி விஷயமும் அப்படித்தான். 1888 முதல் 1911 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைவர். பட்டையை அழிக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டதும், ரப்பர் நடுங்கள் என்று தோட்டக்காரர்களை நச்சரித்ததும் அவர்தான். அதே ரிட்லிதான் மலாயாக் காட்டுச் செடிகளை ஒன்று விடாமல் எழுதி, 1922 முதல் 1925 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்டார். அவர் பேச்சைக் கேட்டு வெட்டிச் சாய்த்த காடுகளின் செடிகளும் அந்தப் பாகங்களில் இருக்கின்றன. பூங்காவில் அவருக்குச் செடிப் படம் எழுதியவர்கள் இலங்கையிலிருந்து வந்த டி அல்விஸ் குடும்பத்துச் சிங்களச் சகோதரர்கள், சார்ல்ஸும் ஜேம்ஸும்.

பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கத்தில் 1884இல் சார்ல்ஸ் கர்ட்டிஸ் உருவாக்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. தைப்பூசத்துக்குக் காவடியோடு போன நாங்கள் அதைக் குரங்கு பார்க்கும் இடமாகத்தான் வைத்திருந்தோம். பினாங்கில் படம் வரைகிற கூட்டமும் இருந்தது. போருக்கு முன்னால் பினாங்கு இம்ப்ரெஷனிஸ்ட்ஸ் என்று ஒரு சங்கம், பெரும்பாலும் வெள்ளைக்காரச் சீமாட்டிகள். உள்ளூர்க்காரர்களில் அப்துல்லா அரிஃபுக்கு அங்கே இடம் கிடைத்தது, நீர்வண்ணம் சொல்லிக்கொடுக்க அவர் தேவைப்பட்டதால். யோங் முன் சென் கடற்கரையையும் தென்னையையும் படகையும் வரைந்தார். அவரும் அரிஃபும் 1962இல் காலமானார்கள். பினாங்கிலிருந்து எங்கள் தோட்டம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பெரட்டுக் களத்தை யாரும் நீர்வண்ணத்தில் போட்டு நான் பார்த்ததில்லை.

பணி ஓய்வு பெற்ற பிறகுதான் ரங்கையாவைத் தெரிந்துகொண்டேன். மகள் வெளிநாட்டில் படித்துவிட்டுத் திரும்பும்போது எடின்பரோ தாவரவியல் பூங்கா வெளியிட்ட ஒரு புத்தகத்தை வாங்கி வந்தாள். ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் 1819இல் சென்னைக்கு வந்தவர். பிறகு கோயம்புத்தூரில் அமெரிக்கப் பருத்தி விளைவிக்கும் சோதனைக்குத் தலைமை தாங்கியவர். பருத்தி பெரிதாகத் தேறவில்லை. அவர் அச்சிட்ட தென்னிந்தியச் செடிகளின் படங்கள் தேறின. 1838 முதல் 1853 வரை ஆறு பாகம், 2,101 தட்டுகள். அவருக்கு முதலில் வரைந்தவர் ரங்கையா, பிறகு கோவிந்து. தட்டின் அடியில் இவர்கள் பெயரும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. 1853இல் ஓர் ஆர்க்கிட்டுக்கு வைட், கோவிந்துவியா என்று பெயர் வைத்தார். பெயர்களைப் பார்த்தால் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள். வெள்ளைக்காரர் தந்த காகிதமும் பூதக்கண்ணாடி சொன்ன விவரமும் இருந்தாலும், இலை நரம்பு வளைகிற வளைவில் கோயில் சுவரெழுதும் கை தெரிகிறது.

ஒரு வாரம் அந்தப் புத்தகத்தை மூடவில்லை. நம் ஊர்ப்பக்கம் ஒரு கை பூவை இதழ் இதழாகப் பிரித்துக் காகிதத்தில் வைத்திருக்கிறது. இரண்டு மூன்று தலைமுறையில் அதே சீமையிலிருந்து கப்பலேறிய கைகளுக்கு அதே பூவைப் பிடுங்குகிற வேலை கொடுக்கப்பட்டது. முதலாளி ஒரே சாதி, தேவைதான் மாறியது.

தங்கள் மண்ணுக்கே உரிய பூ எது என்று ஆஸ்திரேலியர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். தோட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டால் சங்கடம். தொட்டாச்சிணுங்கி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. உண்ணிப்பூவும் அப்படியே, மலாய்க்காரர்கள் அதைக் கோழிப்பீப்பூ என்பார்கள். வெட்டுக்காயத்தில் நாங்கள் கசக்கி வைக்கிற மைக்கானியாக் கொடியும் வந்தேறிதான். வெளியிலிருந்து வந்து, கங்கையின் பெயரைத் தாங்கிய அசிஸ்டாசியா கங்கெட்டிகா இங்கே செம்பனைத் தோட்டங்களையே ஆக்கிரமித்துவிட்டது. விடாமல் பரவுவதால் மலாயில் அதற்கு இஸ்ரேல் புல் என்று பெயர். 1960இல் தேசிய மலரான செம்பருத்தியும் காட்டில் தானாக முளைத்ததல்ல. பரம்பரையாக இங்கேயே இருப்பது செண்டுடோக்கும் லாலான் புல்லும். இரண்டையும்தான் முதலில் பிடுங்கச் சொல்வார்கள்.

1960களுக்குப் பிறகு கையால் பிடுங்குவது குறைந்தது. முதுகில் தோம்பு, கையில் குழாய். மருந்து அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. பாராகுவாட் பட்ட இடத்தில் மறுநாளே பச்சை போய்க் காவி நிறம். அடித்த பெண்களின் நகம் உதிர்ந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. அரசு 2002இல் தடை போட்டது, 2006இல் தளர்த்தியது, 2020இல்தான் முழுசாக நிறுத்தியது. அந்த வருஷங்களில் பூ வரைய எனக்குத் தோட்டத்துக்குள் இடமில்லை. சாலையோரச் சாக்கடைக் கரைகளில் வரைந்தேன். இப்போது எங்கள் லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. தெருக்களுக்குப் பூப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.

அம்மா கடைசிக் காலத்தில் சுங்கைப்பட்டாணியில் என்னோடு இருந்தார். ஒரு மாலை, நல்ல காகிதத்தில் நல்ல வண்ணத்தில் நான் முடித்திருந்த செண்டுடோக்கைக் காட்டினேன். ரங்கையா மாதிரி பூவைப் பிளந்து மகரந்தம், காம்பு, காய் எல்லாம் தனித்தனியாகப் போட்டிருந்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“வேரு எங்கடா?”

“பூவுக்குத்தாம்மா படம்.”

“பூவப் பாத்தா எவன் கூலி குடுத்தான்? இது வேரு கட்டைமாதிரி, நேரா எறங்காது, சாஞ்சு போவும். தொட்டாச்சுருங்கி ஊசிமாதிரி எறங்கும், சுலுவா வராது. லாலானு அடியில கொடியா ஓடும். ஒரு கணு விட்டாலும் மறுபடி வந்துரும். அந்தப் பயலுவ வேரு எழுதல?”

ரங்கையாவின் தட்டுகளைப் புரட்டிப் பார்த்தேன். பூண்டுகள் சிலவற்றுக்கு வேர் இருந்தது. புதர்களுக்கும் மரங்களுக்கும் ஒடித்த கிளைதான். ஒடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்ததைத்தானே அவர்களும் எழுதியிருப்பார்கள்.

மறுநாள் கொத்தோடு போய் வீட்டுக்குப் பின்னால் ஒரு செண்டுடோக்கைத் தோண்டினேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் வெட்டு, அந்தப் பக்கம் தளர்த்து என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாய்ந்துதான் இறங்கியிருந்தது. மண்ணைக் கழுவாமல் அப்படியே செய்தித்தாளில் கிடத்தி வரைந்தேன். பூ காகிதத்தின் மேல்மூலையில் சின்னதாக ஒதுங்கிக்கொண்டது, மீதி இடம் முழுக்க வேர்.